முதல்வர் வெளிநாட்டில் கையெழுத்திட்ட முதலீடு ஊருக்கு வந்து சேர்ந்ததா? நீங்களே பின்தொடர்ந்து பார்ப்பது எப்படி

2025 செப்டம்பர் 8-ஆம் தேதி ஜெர்மனி, இங்கிலாந்து பயணம் முடித்து மு.க.ஸ்டாலின் சென்னையில் இறங்கியபோது சொன்ன கணக்கு: 33 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 15,516 கோடி ரூபாய், 17,613 பேருக்கு வேலை. அன்று ராத்திரியே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் சண்டை. ஒருவர் போஸ்டரைப் போட்டார், இன்னொருவர் "எல்லாம் காகிதத்தில்தான்" என்றார். 2019-இல் எடப்பாடி பழனிசாமி போய் வந்தபோதும் இதே சண்டை நடந்தது, ஆட்கள் மட்டும் பக்கம் மாறியிருந்தார்கள். இரண்டு நாளில் வேறு செய்தி வந்துவிடும். அந்தப் பட்டியலை ஆறு மாதம் கழித்து யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு மாவட்டத்தில் டிப்ளமோ முடித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்ததா வரவில்லையா என்று தெரிந்துகொள்ள எந்தக் கட்சிக்காரரையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், சராசரியாக மாதத்துக்கு ஒரு மணி நேரம் செலவாகும். நான் எப்படிச் செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

மொத்தத் தொகையை விடுங்கள், நிறுவனத்தின் பெயரைப் பிடியுங்கள்

15,516 கோடி என்ற எண்ணை உங்களால் எங்கேயும் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பட்டியலில் உள்ள ஜெர்மன் நிறுவனம் க்னோர் பிரெம்ஸ் 2,000 கோடி, 3,500 வேலை என்பதைப் பார்க்க முடியும், ஏனென்றால் அதற்கு ஒரு மனை வேண்டும், ஒரு கட்டிடம் வேண்டும், ஆட்கள் வேண்டும். அதனால் பயணம் முடிந்ததும் அரசின் செய்தி வெளியீட்டைத் தேடி எடுத்து, நிறுவனம் வாரியாக நோட்டில் ஏற்றுங்கள். வரிக்கு ஆறு கட்டம் போதும்: நிறுவனம், தொகை, வேலை எண்ணிக்கை, இடம், என்ன செய்யப்போகிறார்கள், கையெழுத்தான தேதி. வலது பக்கம் முழுவதையும் காலியாக விடுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய பயணங்களையும் ஏற்றிவிடுவது நல்லது. 2019 ஆகஸ்ட்-செப்டம்பரில் பழனிசாமி இங்கிலாந்து, அமெரிக்கா, துபாய் போனார். 41 ஒப்பந்தங்கள், 8,835 கோடி. ஸ்டாலின் 2022 மார்ச்சில் துபாய், அபுதாபி போனார், 6,100 கோடி. 2023 மே மாதம் சிங்கப்பூர், ஜப்பான், ஊர் திரும்பியபோது சொன்னது 3,233 கோடி. 2024 தொடக்கத்தில் ஸ்பெயின், 3,440 கோடி. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி அமெரிக்கா, 19 நிறுவனங்கள், 7,616 கோடி. பழையவற்றை ஏற்றுவதில் ஒரு லாபம் உண்டு, விளைவு தெரிய வேண்டிய காலம் அவற்றுக்கு வந்துவிட்டது. நேற்றைய ஒப்பந்தத்தில் பார்க்க இன்னும் ஒன்றும் இருக்காது.

இடம் என்ற கட்டம் பல வரிகளில் காலியாக இருக்கும். அதுவே ஒரு தகவல். 2024 அமெரிக்கப் பயணத்தில் ஜேபில் நிறுவனம் 2,000 கோடியில் திருச்சியில் மின்னணுத் தொழிற்சாலை, 5,000 வேலை என்று ஊர் பெயரோடு வந்தது. ஊர் பெயர் இல்லாமல் வருவது இன்னும் யோசனை அளவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்தானது என்ன காகிதம்?

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கல்யாணப் பேச்சில் தட்டு மாற்றுவதற்கும் முந்தைய கட்டம். நிறுவனம் வராவிட்டால் அரசு கோர்ட்டுக்குப் போக முடியாது, அரசு சொன்ன சலுகையைக் கொடுக்காவிட்டால் நிறுவனமும் போக முடியாது. இதைச் சொல்லி "அப்படியானால் மோசடி" என்று முடித்துவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலகம் முழுக்க முதலீடு இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் "கொண்டுவந்துவிட்டார்" என்று இறந்தகாலத்தில் எழுதுவதும் தப்புதான்.

இதற்கும் முந்தைய காகிதம் ஒன்று உண்டு, விருப்பக் கடிதம். ஃபோர்டு கதையைப் பாருங்கள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. 2024 செப்டம்பரில் ஸ்டாலின் அமெரிக்காவில் ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்தார், சில நாட்களில் ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறக்கும் விருப்பக் கடிதம் வந்தது. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் பெரிய சத்தம் இல்லை. 2025 அக்டோபர் 31-ஆம் தேதிதான் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது: 3,250 கோடி, 600-க்கும் மேற்பட்ட வேலை, வருடத்துக்கு 2,35,000 என்ஜின், உற்பத்தி 2029-இல். சந்திப்பிலிருந்து உற்பத்திக்கு ஐந்து வருடம் என்று பாருங்கள். "ஃபோர்டு திரும்ப வருகிறது" என்று 2024-இல் வந்த செய்தியைப் படித்துவிட்டு, பழைய ஆலை பழையபடி கார் செய்யும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். வரப்போவது என்ஜின்.

அப்புறம், இந்த ஒரு கதையிலேயே நேரில் போவதால் என்ன பயன் என்பதும் தெரிகிறது. மறைமலைநகர் ஆலையின் தலையெழுத்தை மறைமலைநகரில் யாரும் எழுதுவதில்லை, கடல் தாண்டி இருக்கும் தலைமையகத்தில் எழுதுகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்து பேச ஒரு மாநிலத்தின் தலைவர் வந்தால் அதற்கு மதிப்பு இருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் முன்னேற்பாடு செய்வது, முதலீட்டை ஈர்ப்பதற்கென்றே மாநில அரசு வைத்திருக்கும் வழிகாட்டி (கைடன்ஸ்) நிறுவனத்தின் அதிகாரிகள். போஸ்டரில் அவர்கள் படம் வராது.

கோடியை வேலையால் வகுத்துப் பாருங்கள்

இதற்குக் கால்குலேட்டர் போதும், ஆனால் நான் செய்வதிலேயே அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான். 2019 பயணத்தில் 8,835 கோடிக்கு 35,520 வேலை, அதாவது ஒரு வேலைக்குச் சுமார் 25 லட்சம். 2024 அமெரிக்காவில் 7,616 கோடிக்கு 11,516 வேலை, சுமார் 66 லட்சம். 2025-இல் சுமார் 88 லட்சம். மேலே சொன்ன ஃபோர்டு கணக்கில் ஒரு வேலைக்கு 5 கோடிக்கும் மேல் போகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹோங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலைக்கு 1,500 கோடி, 25,000 வேலை என்று அறிவித்தார்கள். அங்கே ஒரு வேலைக்கு 6 லட்சம்தான்.

இதில் எது நல்லது எது கெட்டது என்று இல்லை. ஒரு வேலைக்குக் கோடிக்கணக்கில் போனால் அது இயந்திரம் செய்யும் தொழில், வேலை குறைவு, சம்பளமும் படிப்புத் தேவையும் அதிகம். 6 லட்சம் என்றால் தையல், ஒட்டுதல், பொருத்துதல் மாதிரி கைவேலை, பத்தாவது பன்னிரண்டாவது படித்த பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் இடம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்க்க, மொத்தக் கோடியை விட இந்த வகுத்த எண் நூறு மடங்கு உதவும். வகுத்துப் பார்த்து ஒரு வரி ஒட்டவே இல்லை என்றால், உதாரணமாக ஆராய்ச்சி மையத்துக்கு ஆயிரக்கணக்கில் வேலை என்று போட்டிருந்தால், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். நேரடி வேலையோடு மறைமுக வேலையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டின் கணக்கில் 14.5 லட்சம் நேரடி வேலை, மறைமுகத்தையும் சேர்த்தால் 26.9 லட்சம் என்றார்கள். எந்த எண்ணை யார் எடுத்துப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.

தொகையிலும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. வியட்நாமின் மின்சாரக் கார் நிறுவனம் வின்ஃபாஸ்ட் 16,000 கோடி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் கட்டமாக அந்த நிறுவனம் சொன்னது ஐந்து வருடத்தில் 50 கோடி டாலர், அதாவது சுமார் 4,000 கோடி. மீதி அதற்கப்புறம். ஆகவே தொகைக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து, "மொத்தம்", "முதல் கட்டம்" என்று எழுதிவையுங்கள்.

ஏற்கனவே இங்கே இருப்பவர்களா?

பட்டியலைப் பார்த்து "இவர்கள் ஏற்கனவே சென்னையில் இருப்பவர்கள்தானே, இதற்கு ஏன் வெளிநாடு போக வேண்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. நார்டெக்ஸ், எபிஎம் பாப்ஸ்ட், கேட்டர்பில்லர் எல்லாமே முன்பே இங்கே ஆலை வைத்திருப்பவைதான். என் அனுபவத்தில் நோட்டில் சீக்கிரம் டிக் விழுவது இந்த வரிகளுக்குத்தான். மனை இருக்கிறது, உரிமங்கள் இருக்கின்றன, மின் இணைப்பு இருக்கிறது, சப்ளையர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். விரிவாக்கத்தைக் குறைவாக நினைக்காதீர்கள்.

வேறு ஒரு வகை மேல் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. 2025 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்துக்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போய் 15.70 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம் போட்டார். அதில் ஜேஎஸ்டபிள்யூ 3 லட்சம் கோடி, ரிலையன்ஸ் 3 லட்சம் கோடிக்கு மேல். இரண்டுக்கும் தலைமையகம் மும்பை. முதல்வர் அலுவலகத்திலிருந்து காரில் போகிற தூரம். அந்த முதலீடு பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதை அந்நிய முதலீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்த மாநிலப் பட்டியலை எடுத்தாலும் இந்திய நிறுவனங்களைத் தனியாக வட்டமிடுங்கள்.

வலது பக்கத்தை நிரப்புவது

இனிதான் உண்மையான வேலை. ஒரு தொழிற்சாலை காகிதத்திலிருந்து கேட் வரைக்கும் வர சில படிகள் உண்டு, ஒவ்வொன்றும் எங்காவது ஒரு தடம் விடும்.

முதலில் அமைச்சரவை. பெரிய முதலீடுகளுக்கான சலுகைத் தொகுப்பு அமைச்சரவைக்குப் போகும், கூட்டம் முடிந்ததும் தொழில்துறை அமைச்சர் பேட்டி கொடுப்பார், அதில் நிறுவனத்தின் பெயர் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சலுகை மாவட்டத்தைப் பொறுத்து மாறும். 2021 தொழில் கொள்கையில் மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்திருந்தார்கள். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நான்கும் ஏ. தொழில் குறைவான மாவட்டங்கள் சி, அங்கே போனால் சலுகை அதிகம்.

அடுத்து கம்பெனிப் பதிவு. புதிதாக வருகிற வெளிநாட்டு நிறுவனம் பெரும்பாலும் இங்கே ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்யும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் பதிவான தேதியும் செலுத்தப்பட்ட மூலதனமும் தெரியும். ஒரு லட்சம் ரூபாயோடு தொடங்கிய கம்பெனியின் மூலதனம் அடுத்த வருடம் நூற்றுக்கணக்கான கோடி ஆகியிருந்தால் பணம் வர ஆரம்பித்துவிட்டது. மாநில வாரியான அந்நிய முதலீட்டுப் புள்ளிவிவரத்தை மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது, ஆனால் அதில் பங்கு மூலதனமாக வருவது மட்டுமே மாநில வாரியாக இருக்கும். இங்கே சம்பாதித்த லாபத்தைத் திரும்பப் போட்டாலோ, இங்குள்ள வங்கியில் கடன் வாங்கிக் கட்டினாலோ அதில் ஏறாது. அதை வைத்து ஒரு பயணம் வெற்றி, தோல்வி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

அப்புறம் மனை. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் தரும் ஒதுக்கீட்டு ஆணை. அதற்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு இசைவாணை வாங்க வேண்டும், கட்ட ஒன்று, இயக்க ஒன்று. இந்த இரண்டு தேதியும் கிடைத்துவிட்டால் கதை முழுக்கத் தெரிந்துவிடும். கட்டுவதற்கான இசைவாணை இல்லாமல் அடிக்கல் விழா நடந்திருந்தால் அது படத்துக்கு நட்ட கல்.

பக்கத்து ஊர்க்காரர் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்து சிப்காட்டில் ஒரு மனையில் இரண்டு வருடம் பெயர்ப் பலகை மட்டும் நின்றது, கருவேலம் தோள் உயரம் வளர்ந்து பலகையின் பாதியை மறைத்துவிட்டது. எதிர் மனையில் பலகையே கிடையாது, ஆனால் ஒரு நாள் காலையில் பார்த்தால் ஜேசிபி, மறு வாரம் தகரக் கொட்டகை, அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபார்மரை இறக்கினார்கள். வாசலில் டீக்கடை போட்ட அக்காதான் எனக்கு முதலில் சொன்னது: "தம்பி, நாளைக்கு நூறு டீ கேட்டிருக்காங்க." அந்த ஆலை இப்போது ஓடுகிறது. பெரிய மின் இணைப்பு வந்துவிட்டால் அதன்பின் பின்வாங்குவது அபூர்வம், அவ்வளவு பணத்தை மண்ணில் போட்டுவிட்டு யாரும் போக மாட்டார்கள்.

எவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்பதற்கு அளவுகோலாக வின்ஃபாஸ்ட் வரியை வைத்திருக்கிறேன். 2024 ஜனவரியில் ஒப்பந்தம், பிப்ரவரி 25 தூத்துக்குடியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4 திறப்பு. அடிக்கல்லில் இருந்து 17 மாதம். இது சென்னை மாநாட்டை ஒட்டி வந்த ஒப்பந்தம், வெளிநாட்டுப் பயணத்தில் ஆனதில்லை, ஆனால் வேகத்துக்கு நல்ல உதாரணம். எல்லாரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. கையெழுத்தாகி மூன்று வருடம் கழிந்தும் மனையே இல்லை என்றால் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிடுகிறேன். பென்சிலால்தான், ஃபோர்டு மாதிரி திரும்ப எழுந்து வருவதும் உண்டு.

பாதி டிக் போட வேண்டிய இடங்களும் வரும். 2022 துபாய்ப் பயணத்தில் லூலு குழுமத்தோடு 3,500 கோடிக்கு ஒப்பந்தம், மால்களும் ஏற்றுமதிக்கான உணவு பதப்படுத்தும் மையமும் என்று. கோவை லட்சுமி மில்ஸ் வளாகத்தில் 2023 ஜூனில் லூலு ஹைப்பர்மார்க்கெட் திறந்தது. அதற்கு டிக். மால்களுக்கும் உணவு மையத்துக்கும் தனித்தனி வரி. ஒரு கடை திறந்ததைக் காட்டி 3,500 கோடியும் வந்துவிட்டது என்பதும், மால் வரவில்லை என்பதைக் காட்டி ஒன்றுமே வரவில்லை என்பதும் ஒரே மாதிரித் தப்பு.

தெரியாததைக் கேட்டு வாங்குங்கள்

வருடா வருடம் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது தொழில்துறை சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும், இலவசம். முதலில் அதைப் படியுங்கள். அதிலும் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குவது கேள்வியில்தான். "ஒப்பந்த நகலைக் கொடுங்கள்" என்று கேட்டால் வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி) என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். "பயணத்தால் என்ன பயன்" என்று கேட்டால் அது கருத்து, தகவல் இல்லை என்பார்கள். பதிவேட்டில் இருக்கும் தேதியையும் எண்ணையும் மட்டும் கேளுங்கள். நான் சிப்காட்டுக்கு எழுதுவது இப்படி: "இன்ன தேதியில் அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட கீழ்க்கண்ட நிறுவனத்துக்கு மனை ஒதுக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் ஒதுக்கீட்டு ஆணையின் தேதி, பரப்பளவு, உற்பத்தி தொடங்க வேண்டிய கெடு, கெடு நீட்டிக்கப்பட்டிருந்தால் நீட்டித்த தேதி." ஒரு மனுவுக்கு ஒரு நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இசைவாணைத் தேதிகள். பயணச் செலவு வேண்டுமானால் தலைமைச் செயலகத்தில் 'பொதுத் துறை' (Public Department) என்ற பெயரில் இருக்கும் துறைக்கு, எத்தனை பேர், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று. பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். ஆளுங்கட்சி எது என்று பார்த்துக் கேள்வியை மாற்றாதீர்கள். 2019 வரிக்கும் 2025 வரிக்கும் அதே ஐந்து கேள்வி.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு

செய்தி வந்த வாரத்திலேயே ஏஜென்ட்டுகள் கிளம்பிவிடுவார்கள். என் அத்தை மகன் 35,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தான். "ஜெர்மன் கம்பெனி வருது, ஹெச்ஆர் நமக்குத் தெரிஞ்சவர், இப்பவே சீட் போட்டுடலாம்" என்று ஒருவர் சொல்லி, லெட்டர்பேடில் ஒரு காகிதமும் கொடுத்திருக்கிறார். அந்த நிறுவனத்துக்கு அன்று மனைகூட ஒதுக்கியிருக்கவில்லை. நோட்டின் வலது பக்கத்தைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கட்டிடமே இல்லாத ஆலைக்கு ஆபரேட்டர் வேலைக்கு யாரும் ஆள் எடுப்பதில்லை, எந்த ஒழுங்கான நிறுவனமும் வேலைக்குப் பணம் கேட்பதில்லை.

ஆள் எடுப்பது பெரும்பாலும் உற்பத்தி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்புதான் சூடு பிடிக்கும். முதலில் பொறியாளர்கள், மெயின்டெனன்ஸ் ஆட்கள். பிறகு ஐடிஐ, டிப்ளமோ டிரெய்னிகள். கடைசியில் மொத்தமாக ஆபரேட்டர்கள். பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் நேராகப் போய்க் கேளுங்கள், மாவட்ட வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்பைப் பாருங்கள். தங்குமிடம் கட்டுகிறார்களா என்பதும் நல்ல அறிகுறி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தது, அவ்வளவு பேருக்கு இடம் கட்டுகிறார்கள் என்றால் அவ்வளவு பேரை எடுக்கிறார்கள்.

இன்டர்வியூவில் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள். சம்பளச் சீட்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும், ஆலையா, கான்ட்ராக்டரா? டிரெய்னி காலம் எத்தனை மாதம், முடிந்ததும் நிரந்தரம் ஆகுமா? பிஎஃப், ஈஎஸ்ஐ முதல் மாதத்திலிருந்தே உண்டா? பட்டியலில் "3,500 வேலை" என்று இருப்பதில் எத்தனை பேர் இந்த மூன்றுக்கும் நல்ல பதில் பெறுகிறார்கள் என்பதை எந்தச் செய்தி வெளியீடும் சொல்லாது. வேலையில் சேர்ந்தவர்களிடம் கேட்டு அதையும் நோட்டில் எழுதுகிறேன், அவர்கள் பெயரை எழுதாமல்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் ஞாயிறு எனக்கு நோட்டு பார்க்கும் நாள். ஃபோர்டு வரியின் வலது பக்கத்தில் இப்போதைக்கு இரண்டே குறிப்புகள்: "ஒப்பந்தம் 31.10.2025", அதன் கீழே "என்ஜின் லைன் இயந்திரங்கள் எப்போது இறங்குகின்றன என்று பார்க்க".